ஒரு சாமான் மிச்சம்

நாச்சிவலசு பைபாஸில் பொன்னுரங்கத்தின் பஸ் பாடி பட்டறையில் முதல் சாமான் மிச்சமானது ஓர் ஆடி வெள்ளி. ஆடி மாதத்தில் எந்த முதலாளியும் புது வண்டியை வெளியே எடுக்க மாட்டார் என்பதால், பெயின்ட் காய்ந்து, கண்ணாடி போட்டு, சீட்டு பூட்டி, நெற்றியில் குலதெய்வத்தின் பெயரும் எழுதி முடித்த ஏழு பஸ்கள் ஆவணி பிறக்கட்டும் என்று வரிசையாக நின்றுகொண்டிருந்த நாளில், எட்டாவது பஸ்ஸுக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்த அப்பாஸ் மேஸ்திரியின் கையில், ஒரு சாண் நீளத்தில், இரண்டு துளை போட்டு, நுனி லேசாக வளைந்த ஓர் இரும்புப் பட்டை இருந்தது. அது எங்கே போக வேண்டியது என்று அவருக்குத் தெரியவில்லை. முப்பது வருஷமாக பஸ் கட்டுகிற மனுஷனுக்கு ஒரு பட்டையின் ஊர் பேர் தெரியாமல் போவது லேசுப்பட்ட விஷயமில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தெய்வானை, சித்தெ வந்து தட்டிப் பாரும்மா" என்று கூப்பிட்டார்.

பதினாலு வருஷமாகத் தெய்வானையின் வேலையே தட்டிப் பார்ப்பதுதான். கட்டி முடித்த பஸ்ஸுக்குள் புளியங்கட்டைப் பிடி போட்ட சின்னச் சுத்தியலோடு ஏறி, முன் பம்பரில் தொடங்கி பின் ஏணி வரைக்கும் ஒவ்வொரு போல்ட்டையும் ஒவ்வொரு ரிவெட்டையும் ஒரு தட்டுத் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டு, 'டிங்' என்றால் விட்டுவிட்டு, 'டொக்' என்றால் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, 'ஈங்...' என்று மெலிசாக இழுத்தால் இரண்டு வட்டம் போட்டு இறங்கி வருவாள். ஒரு வட்டம் என்றால் லூசு, முறுக்க வேண்டும். இரண்டு வட்டம் என்றால் அளவுக்கு மேல் முறுக்கிவிட்டார்கள், கால் சுற்று தளர்த்த வேண்டும். கொஞ்சம்கூட ஆட்டமில்லாமல் இறுகிப்போன பாடி முதல் வேகத்தடையிலேயே விரிசல் விட்டுவிடும் என்பது அந்த ரோட்டில் டீ ஆற்றுகிறவர்களுக்குக்கூடத் தெரியும். லூசை யார் வேண்டுமானாலும் கண்டுபிடிப்பார்கள், இறுக்கத்தைக் கண்டுபிடிக்கிற காது நாச்சிவலசில் தெய்வானைக்கு மட்டும்தான் இருந்தது. அன்றைக்கு நான்கு மணி நேரம் தட்டினாள். ஒரு டொக் இல்லை, ஓர் ஈங் இல்லை, காலியாக ஒரு துளை இல்லை.

"எல்லாம் சரியா இருக்குதுங் மேஸ்திரி. அது இந்த பஸ்ஸோடது இல்லீங்க."

"இந்த பஸ்ஸுக்கு வெட்டுனதுதாம்மா. நாந்தான வெட்டுனேன்."

ஆடி மாதம், அவசரம் ஒன்றுமில்லை, ஆகவே பஸ்ஸை அக்கக்காகப் பிரித்து, தரையில் பரப்பி, ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி பூட்டினார்கள். இந்தத் தடவை இரண்டு மிஞ்சின. பழைய பட்டையும், அதற்கு முன் யாரும் பார்த்தேயிராத ஒரு வளையமும். பொன்னுரங்கம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு இரண்டையும் பார்த்தார். "இன்னொருக்கா பிரிச்சீங்கன்னா மூணு மிஞ்சும். பேசாம தூக்கி அக்கட்டால போடுங்கப்பா" என்றார். பட்டறைக்குப் பின்னால் சீமைக் கருவேலம் மண்டிய காலி நிலத்தில் வீசினார்கள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பிய அந்த பஸ், எஃப்.சி.யில் ஒரு குறையும் இல்லாமல் தேறி, தாராபுரம் ரோட்டில் ஓட ஆரம்பித்த மூன்றாம் நாள் அதன் முதலாளி போன் போட்டு, இஞ்சின் மூடி மேல் டீ கிளாஸை வைத்தால் சொட்டு சிந்துவதில்லை, இப்படி ஒரு வண்டி என் ஜென்மத்தில் ஓட்டியதில்லை என்று தழுதழுத்தார். அதற்குள் நாச்சிவலசு பைபாஸிலிருந்த எல்லாப் பட்டறையிலும் பஸ்ஸுக்கு ஒரு சாமான் மிஞ்ச ஆரம்பித்திருந்தது.

ஊரே மூக்கில் விரலை வைத்தபோது தெய்வானை மட்டும் வைக்கவில்லை. எல்லாவற்றையும் சரியாகப் பூட்டிய பிறகு ஒன்று மிஞ்சும் என்பது அவளுக்குப் பதினோரு வருஷத்துப் பழக்கம்.

கட்டிக்கொடுத்த இடத்தில் ஒட்டாமல் இரண்டே வருஷத்தில் திரும்பி வந்தவள் அவள். அப்பா செத்த பிறகு அண்ணன் நல்லமுத்துவும் தம்பி குமரேசனும் பாகம் பிரித்தார்கள். பூமி சரிபாதி, தென்னை சரிபாதி, மாடுகள் ஜோடிக்கு ஜோடி, வீட்டுக்கு நடுவே ஒரு சுவர். கிணறு ஒன்றுதான், அதை வெட்ட முடியாது, ஆகவே முறை வைத்தார்கள்: திங்கள் செவ்வாய் புதன் மோட்டார் அண்ணனுக்கு, வியாழன் வெள்ளி சனி தம்பிக்கு. ஞாயிற்றுக்கிழமைக்காகக் கோயில் மண்டபத்தில் மூன்று தடவை உட்கார்ந்து பேசி, மூன்று தடவையும் துண்டை உதறிக்கொண்டு எழுந்து, கடைசியில் யாருக்கும் வேண்டாம் என்று மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியை நடுச்சுவர் ஆணியில் மாட்டினார்கள். பத்திரம் எழுதுகிறவர் பேனாவை மூடிவிட்டு, மோர் கொண்டுவந்து கொடுத்த பெண் யார் என்று கேட்டபோதுதான் தெய்வானை ஞாபகத்துக்கு வந்தாள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். சோறும் படுக்கையும் கிணற்று முறைப்படியே என்று முடிவாயிற்று, மூன்று நாள் அண்ணன் வீடு, மூன்று நாள் தம்பி வீடு. ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கே சாப்பிடுவாள் என்று யாரும் கேட்கவில்லை, யாரும் வேண்டுமென்று விடவும் இல்லை. முதல் ஞாயிறு அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டியபோது அண்ணி மரகதம் நிஜமாகவே திகைத்துப்போய், "இன்னைக்கு எங்க முறை இல்லீங்களே நங்கையா" என்றாள். தம்பி வீட்டிலும் அதே பதில், அதே திகைப்பு. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு மாற்றுப்புடவையும் சுத்தியலும் போட்ட மஞ்சப்பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு பூட்டிய பட்டறைக்கு வந்து, வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு, பேக்கரி பன்னும் டீயுமாக இருட்டும்வரை உட்கார்ந்திருப்பாள். பதினோரு வருஷத்தில் அந்தப் பையை முழுசாகக் காலி செய்து அவள் ஓரிடத்திலும் வைத்ததில்லை. இதைப் பெரிய கொடுமையென்று யாரிடமும் சொல்லிக்கொண்டதும் இல்லை. ஆனால் வலித்தது. ஒவ்வொரு ஞாயிறும் புதுசாக வலித்தது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் காலி நிலத்தில் அதை முதலில் பார்த்தாள். வீசிய பட்டையின் வளைந்த நுனி வளையத்துக்குள் போய்ப் பூட்டிக்கொண்டிருந்தது, அதன் மேல் மற்றப் பட்டறைகளின் மிச்சங்கள் ஒன்றன் துளைக்குள் ஒன்றும், ஒன்றன் பள்ளத்தில் இன்னொன்றின் மேடுமாக ஏறி, முழங்கால் உயரத்துக்கு எழுந்து நின்றன. போல்ட் இல்லை, வெல்டிங் இல்லை. உட்கார்ந்து தட்டிப் பார்த்தாள். டிங்.

திங்கட்கிழமை சொன்னாள், செவ்வாய்க்கிழமை ஊரே வந்து பார்த்தது, புதன்கிழமை யாரோ மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார்கள். புரட்டாசிக்குள் மிச்சம் வீடுகளுக்கும் பரவிவிட்டது. டெய்லர் ருக்குமணி ஜாக்கெட் தைத்து முடித்தால் எந்த ஜாக்கெட்டுக்கும் வேண்டாத ஒரு துண்டு மிஞ்சியது, சுவர் கட்டினால் ஒரு செங்கல் மிஞ்சியது, மிக்ஸியைக் கழுவிப் பூட்டினால் ஒரு ரப்பர் வளையம் மிஞ்சியது, கல்யாணப் பந்தியில் எல்லாரும் உட்கார்ந்த பிறகும் பரிமாறிய ஓர் இலைக்கு ஆள் இல்லாமல் இருந்தது. எதையும் குப்பையில் போட யாருக்கும் மனசு வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டுக் கொண்டுவந்து காலி நிலத்தில் வைத்துவிட்டுப் போனார்கள்; மறுநாள் பார்த்தால் செங்கல் இரும்பின் இடுக்கிலும், துணி செங்கலின் விரிசலிலும், தூக்குப்போசி மூடி ஒன்று கதவுக்கீலின் மேலும், அதற்கென்றே பிறந்த இடத்தில் உட்கார்ந்திருந்தன. கோயில் பூசாரி அதைத் தேர் என்றார், டிரைவர்கள் பஸ் என்றார்கள், வரி போட வந்த ஊராட்சி ஆள் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, 'இன்னதென்று சொல்ல இயலாதது, எண்ணிக்கை: ஒன்று' என்று எழுதிக்கொண்டு போனார். மிச்சம் விழாத வண்டியை டெலிவரி எடுக்க மாட்டோம் என்று பஸ் முதலாளிகள் அடம்பிடித்தார்கள். அதனால் சில பட்டறைக்காரர்கள் ஒரு சாமானைக் கூடுதலாக வெட்டி வைத்துக்கொண்டு மிச்சம் மிச்சம் என்று கூவிப் பார்த்தார்கள், ஆனால் காலி நிலத்தில் இருந்தது அந்தக் கள்ளச் சாமான்களை ஏற்காமல் கீழே தள்ளிவிட்டது.

கார்த்திகை தீபத்தன்று அது வளர்வது நின்றது. இரண்டு ஆள் உயரம், ஒரு பக்கம் படி, ஒரு பக்கம் கூரை, நடுவில் மாடம்போல உள்வாங்கிய ஒரு குழி. அதன்பிறகு கொண்டுபோன எதுவும் ஒட்டவில்லை. அன்றிலிருந்து நாச்சிவலசில் எதுவும் எதிலும் சரியாக உட்காரவில்லை. கதவு நிலையில் பொருந்தாமல் அடித்துக்கொண்டது, குக்கர் மூடி சுழன்றது, சட்டைப் பித்தான் துளையை விட்டு நழுவியது, புதுசாகக் கட்டிய பஸ்ஸின் ஜன்னல்கள் நின்ற இடத்திலேயே பல்லைக் கடித்துக்கொண்டு கிடுகிடுத்தன. மனுஷர்களும் அப்படியே ஆனார்கள். டீக்கடை பெஞ்சில் ஒருவரும் ஒரு டீ முடியும்வரை உட்காரவில்லை, உட்கார்ந்து எழுந்து, எழுந்து உட்கார்ந்து, கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து, எதற்குக் கடந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்தார்கள். ஊர் முழுக்க ஒரே கடகடச் சத்தம். சாமியாடி, அந்தக் குழி நிறைந்தால்தான் ஊர் அடங்கும் என்றான். வாழைத்தண்டை வைத்துப் பார்த்தார்கள், நெல் மூட்டையை வைத்தார்கள், தேர்தலில் தோற்ற ஒருவரின் ஆளுயரக் கட்அவுட்டை வைத்தார்கள். எல்லாவற்றையும் அது துப்பிவிட்டது.

அப்பாஸ் மேஸ்திரி டேப்பை எடுத்துக்கொண்டு போய்க் குழியை அளந்தார். ஐந்தடிக்கு நாலு விரல் கட்டை, இடது தோள் வலதைவிட அரை அங்குலம் தாழ்வு. அவர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டார். ஆனால் டெய்லர் ருக்குமணியின் வாயை யார் கட்டுவது? அவள் எட்டிப் பார்த்தாள், விரலால் ஒரு சாண் போட்டாள், "அட, இது நம்ம தெய்வானக்கா அளவுங்க! இந்த எடது தோளுக்கு எத்தனை தடவ டக்கு புடிச்சிருக்கேன்" என்று கத்தினாள். கத்திய பிறகு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்லமுத்துவும் குமரேசனும் ஒரே பைக்கில் பட்டறைக்கு வந்தார்கள். பாகம் பிரித்ததிலிருந்து இருவரும் ஒரே வண்டியில் ஏறியது அன்றுதான். பின்னால் ஊர் நடந்து வந்தது. நல்லமுத்து சட்டைப் பித்தானைப் பூட்டிக்கொண்டே இருந்தார், அது நழுவிக்கொண்டே இருந்தது.

"சாப்டியா அம்மிணி?" என்றார்.

பதினோரு வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமை அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பன்னைக் காட்டினாள்.

"ஊரே தூக்கமில்லாம கெடக்குது" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். "நீயி போயி சித்தெ நின்னு மட்டும் பாரு. ஒத்துவல்லீன்னா வந்துரு."

"ஒனக்குன்னு ஒரு எடமாச்சுக்கா" என்றான் குமரேசன். அவன் சொன்னதில் நடிப்பு இல்லை. "நாங்களும் ஒண்ணும் பண்ணிக் குடுக்கல. அதாச்சும் குடுக்குதே."

அப்பாஸ் மேஸ்திரி முன்னால் வந்தார். "இந்தப் புள்ள என்ன சாமானா, கொண்டுபோயி பூட்டறதுக்கு? நீ போகாதம்மா" என்றார். கூட்டம் அவர் மேல் எரிந்து விழுந்தது. ஆனால் தெய்வானைக்குப் போக வேண்டும்போல இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை, அவளுக்கு நிஜமாகவே ஆசையாக இருந்தது. தன் அளவுக்கு ஓரிடம் இருக்கிறது என்று ருக்குமணி கத்திய நாளிலிருந்தே, யாரும் பார்க்காதபோது தூரத்தில் நின்று அந்தக் குழியைப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். மஞ்சப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, கருவேல முள்ளை ஒதுக்கிக்கொண்டு நடந்து, படியேறி, திரும்பி, முதுகைக் கொடுத்து உள்ளே நின்றாள்.

பொருந்தியது. தோள் தாழ்ந்த இடத்தில் இரும்பு தாழ்ந்திருந்தது, முதுகு வளைந்த இடத்தில் செங்கல் வளைந்திருந்தது, இடுப்புக்கு யார் வீட்டு ஜாக்கெட் துணியோ மெத்தென்று வந்தது, மஞ்சப்பைக்குக்கூட ஓர் இடுக்கு இருந்தது. அந்தக் கணமே ஊரில் கதவுகள் எல்லாம் ஒரே சத்தத்தில் நிலையில் போய் உட்கார்ந்தன, நல்லமுத்துவின் பித்தான் துளையில் நின்றது, பைபாஸ் வரிசையில் ஜன்னல்கள் வாயை மூடின, நின்றுகொண்டிருந்தவர்கள் நின்ற இடத்திலேயே மண்ணில் அப்பாடா என்று உட்கார்ந்தார்கள். இத்தனை வருஷம் உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்த ஏதோ ஒன்று தெய்வானைக்குள்ளும் நின்றது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. இப்படியே இருந்துவிடலாம் என்று நினைத்தாள், இருந்தும்விடுவாள்தான். ஆனால் பதினாலு வருஷம் தட்டிய கை சும்மா இருக்குமா? பைக்குள்ளிருந்த சுத்தியலை எப்படியோ உருவியெடுத்து, தன் தோளுக்குப் பக்கத்தில் இருந்த முதல் பட்டையை, அந்த ஆடி வெள்ளிப் பட்டையை, ஒரு தட்டுத் தட்டினாள்.

ஈங்...

அடுத்ததைத் தட்டினாள். ஈங். செங்கலைத் தட்டினாள், கீலைத் தட்டினாள், தூக்குப்போசி மூடியைத் தட்டினாள். எல்லாம் மெலிசாக, நீளமாக, வலியில் இழுப்பதுபோல ஒரே சத்தம். பிறகு சுத்தியலைத் திருப்பிப் பிடித்துத் தன் நெஞ்செலும்பை மெதுவாகத் தட்டினாள். அங்கேயும் அதே ஈங். மூச்சை முழுசாக இழுக்கப் பார்த்தாள், முக்கால்வாசிதான் போயிற்று. கீழே பார்த்தாள். அத்தனை ஜனமும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஒருவர் தலையையாவது சொறிய வேண்டுமே, ஒரு குழந்தையாவது சிணுங்க வேண்டுமே, ஒன்றுமில்லை. அவளுக்குப் பயம் வந்தது. இடது தோளை உலுக்கி, பையை இழுத்து, புடவையில் ஒரு முழம் கிழிய, வெளியே வந்தாள்.

ஊர் ஒரு பெருமூச்சு விட்டுக் கலைந்தது. குழந்தைகள் அழுதன. நல்லமுத்து எழுந்து ஓடிவந்தார்.

"ஏம்மிணி? நல்லாத்தான இருந்துது?"

"நல்லாத்தான் இருந்துதுங்ணா. எறுக்கம் ஜாஸ்தி" என்றாள், மூச்சு வாங்க. "ரெண்டு வட்டம். இது ஓடாது. நீங்கெல்லாம் ஏறி நின்னாலும் ஓடாது. ஒடையும்."

அப்பாஸ் மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார், அவர் சிரித்ததை யாரும் பார்க்கவில்லை. தெய்வானை கிழிந்த புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அண்ணனையும் தம்பியையும் பார்த்தாள்.

"ஒண்ணு சொல்லுங்க. ஞாயித்துக்கெழமை மோட்டாரு யாருது?"



"அதான் யாருக்கும் இல்லீன்னு..." என்றான் குமரேசன்.

"பத்தரத்துல இல்லீல்ல? நான் கையெழுத்துப் போட்டது பத்தரத்துல இருக்கறதுக்குத்தான். இல்லாததுக்கு நான் போடல. அது எனக்கு."

"அம்மிணி, அத ஒக்காந்து பேசோணும்" என்றார் நல்லமுத்து.

"நீங்க மூணு தடவ ஒக்காந்தாச்சுங்ணா. நான் கேக்கல. சொல்றேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூட்டத்தின் நடுவே நடந்து, இரண்டு மைல் தூரத்திலிருந்த வீட்டுக்குப் போய், நடுச்சுவர் ஆணியிலிருந்து சாவியை எடுத்து, மோட்டார் ரூமைத் திறந்து சுவிட்சைப் போட்டாள். பதினோரு வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடக் கேட்காத அந்தச் சத்தம் பைபாஸ் வரைக்கும் கேட்டது. தண்ணீர் அண்ணன் வயலையும் தொடவில்லை, தம்பி வயலையும் தொடவில்லை. இரண்டுக்கும் நடுவே ஓடி, பாகம் பிரித்தபோது கோணலாக இருக்கிறது என்று இருவருமே விட்டுவிட்ட, கிணற்றடியை ஒட்டிய ஒரு முக்கோணத் துண்டில் போய்த் தேங்கியது.

அன்றைக்கே காலி நிலத்தில் இருந்தது கால் சுற்று தளர்ந்தது. காற்றடித்தால் லேசாக ஆடியது, இழுத்தால் வந்தது. ஊரில் கதவுகளும் மூடிகளும் பழையபடி, கொஞ்சம் ஆடியும் கொஞ்சம் பொருந்தியும், இருந்தன. வேண்டியவர்கள் வந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு போனார்கள். பஸ்ஸுக்கு ஒரு சாமான் இன்றைக்கும் மிஞ்சத்தான் செய்கிறது, டிரைவர்கள் அதை டூல்ஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். யாருக்கும் வேண்டாத செங்கற்களையும் கீல்களையும் கூரைத் தகட்டையும் அப்பாஸ் மேஸ்திரி ஒரு மினி லாரியில் ஏற்றி வந்தார், தை பிறப்பதற்குள் அந்த முக்கோணத் துண்டில் ஒரே ஓர் அறை எழும்பியது. சுவர்கள் ஒன்றுக்கொன்று முழுசாகச் சேரவில்லை, இடுக்கில் காற்று வந்தது. தெய்வானை எல்லா மூலையையும் தட்டிப் பார்த்துவிட்டு, போதும் என்றாள். ஆடி வெள்ளிப் பட்டையைச் சுவரில் அடித்து, அதன் வளைந்த நுனியில் மஞ்சப்பையை மாட்டினாள். மாட்டுவதற்கு முன் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினாள்.

தை மாதத்து முதல் ஞாயிறு, அண்ணி மரகதம் இரண்டு குடங்களோடு வந்து வாசலில் தயங்கி நின்றாள். அவள் வீட்டுத் தொட்டி காலியாகியிருந்தது. உள்ளே அடுப்பில் கொள்ளு ரசம் கொதித்துக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு எங்க முறை இல்லீங்க" என்றாள் மரகதம், தரையைப் பார்த்துக்கொண்டு. "ரெண்டு கொடம் புடிச்சுக்கட்டுங்களா நங்கையா?"

தெய்வானை குடங்களை வாங்கிக் குழாயடியில் வைத்துவிட்டு வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பலகையைத் தள்ளிப்போட்டாள்.

"கொடம் ரொம்பட்டும். உள்ள வந்து உக்காந்து சாப்டுங்க" என்றாள். "இன்னைக்கு எங்க முறைதானுங்க."